எடுப்பதா, வைப்பதா: அப்பாவால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது?

கடிதம் நீளமானது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 41 வயது. மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவர். அப்பாவுக்கு 72, ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருநாள் விடிகாலையில் வீட்டிலேயே மாரடைப்பு வந்து இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து, நெஞ்சை அழுத்தித் துடிப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து 38 நாட்களாக ஐசியூவில் இருக்கிறார். தொண்டையில் டிரக்கியாஸ்டமி துளை, அதில் வென்டிலேட்டர், மூக்கு வழியாக உணவுக் குழாய். இரண்டு முறை நிமோனியா வந்து போயிற்று. கண் திறக்கிறார், கூப்பிட்டால் பதில் இல்லை. இந்த வாரம், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியதால் டயாலிசிஸ் ஆரம்பிக்கலாமா என்று டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். குடும்பம் அங்கேதான் உடைந்தது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "எவ்வளவு செலவானாலும் சரி, எல்லாம் செய்யுங்கள். யாராவது மெஷினை எடுத்தால் போலீஸுக்குப் போவேன்" என்கிறார். 38 நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்து, பில்லில் பெரும்பகுதியைக் கட்டிய தம்பி, "அப்பாவை இன்னும் எத்தனை நாள் வதைப்பது? கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம்" என்கிறார். "அப்பாவின் வீட்டுச் சொத்துக்காகத்தானே அவசரப்படுகிறாய்" என்று அண்ணன் கேட்டுவிட, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அம்மாவோ, "அவர் என்னைப் பார்க்கிறார், கையைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறார்" என்கிறார். எட்டு வருடம் முன்பு பெரியப்பா பக்கவாதத்தில் குழாய்களோடு இரண்டு வருடம் கிடந்தபோது, பார்த்துவிட்டு வந்த அப்பா, "எனக்கு இப்படி ஆனால் இந்தக் குழாயெல்லாம் போடாதீர்கள், விட்டுவிடுங்கள்" என்று சொன்னது இந்த மகளுக்கு நினைவிருக்கிறது. அப்பா எதையும் எழுதி வைக்கவில்லை.

அவர் கேட்பது: முடிவெடுக்கும் உரிமை மூத்த மகனுக்கா? மெஷினை எடுப்பது கொலையா? வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? கடைசியில் இப்படி ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "அப்பாவின் உதடு காய்ந்திருக்கிறது, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கட்டுமா என்று அம்மா தினமும் கேட்கிறார். நான் என்ன சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. ஆகவே அவர் பிழைப்பாரா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் ஐசியூ வாசலில் உங்களைப் போல நின்ற பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். தண்ணீர்க் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கடிதம் முழுக்க "எடுப்பதா, வேண்டாமா" என்றே கேட்டிருக்கிறீர்கள். அண்ணனும் தம்பியும் சண்டை போடுவதும் அதற்காகத்தான். இந்த வாரம் டாக்டர்கள் கேட்டது அதையல்ல. புதிதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஐசியூவில் பெரும்பாலான முடிவுகள் இப்படித்தான் வரும். யாரும் பிளக்கைப் பிடுங்குவதில்லை. டயாலிசிஸ் வேண்டுமா, இதயம் மறுபடி நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டுமா, மூன்றாவது நிமோனியா வந்தால் எதுவரை போவது என்று ஒவ்வொன்றாக வரும். "எல்லாம் செய்", "எல்லாவற்றையும் எடு" என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. உதாரணமாக, இதயம் நின்றால் மறுபடி அழுத்த வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது, எப்படிப் பதிவு செய்வது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மற்ற சிகிச்சைகள் அப்படியே தொடரலாம். உங்கள் வீட்டில் இந்த நடுப்பகுதியைப் பற்றி யாரும் இன்னும் பேசியதாகத் தெரியவில்லை.

கண் திறந்திருப்பது எதைக் காட்டுகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தம்பி ஓர் இடத்தில் "மூளைச்சாவு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது இல்லை. மூளைச்சாவில் மூளைத்தண்டே செயலிழந்திருக்கும். கண் திறக்காது, இருமல் வராது, தானாக ஒரு மூச்சுகூட எடுக்க முடியாது. உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் அதைச் சான்றளிக்கும். அப்பா கண் திறக்கிறார், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போடும்போது இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மூளைத்தண்டு வேலை செய்கிறது. மேல்மூளைதான் ஆக்சிஜன் இல்லாமல் அடிபட்டிருக்கிறது.

கோமாவில் இருப்பவர் சில வாரங்களில் கண் திறப்பது வழக்கம்தான். தூங்குவார், விழிப்பார், கொட்டாவி விடுவார், சில சமயம் கண்ணீரும் வரும். தன்னைப் பற்றியோ சுற்றியிருப்பதைப் பற்றியோ உணர்வு இருப்பதற்கான அடையாளம் மட்டும் இருக்காது. இதை உணர்வற்ற விழிப்பு நிலை என்போம். அம்மா சொல்லும் கைப்பிடியும் இந்த நிலையில் வரக்கூடியதே. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் மூடிக்கொள்ளுமே, அதே அனிச்சைச் செயல்தான். அம்மா பொய் சொல்லவில்லை, கை உண்மையாகவே இறுகுகிறது. அது அம்மாவுக்காகத்தான் இறுகுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளங்கையைத் தொடாமல், "கையை மூடுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "இப்போது விடுங்கள்" என்றும் சொல்லுங்கள். விடச் சொன்னதும் விடுவதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இன்னொன்றும் செய்யலாம், இதற்கு ஒரு கைக்கண்ணாடி போதும். அப்பாவின் முகம் அதில் தெரியும்படி அரை அடி தூரத்தில் பிடித்து, மெதுவாக இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்துங்கள். கண் கண்ணாடியோடு போகிறதா என்று பாருங்கள். மனிதக் கண் மற்ற எதையும்விடத் தன் முகத்தைத் துரத்த வாய்ப்பு அதிகம் என்பதால், நரம்பியல் மருத்துவர்களும் இந்தச் சோதனைக்குக் கண்ணாடியையே பயன்படுத்துகிறார்கள். ஒருநாள் பார்த்தது போதாது. விழிப்பாக இருக்கும் வெவ்வேறு நேரங்களில் ஐந்தாறு முறையாவது பார்க்க வேண்டும். ஃபோனில் வீடியோ எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். மேலோட்டமாகப் பார்த்து "உணர்வே இல்லை" என்று முடிவு கட்டியவர்களில், முறையான அளவுகோல் வைத்துச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்குக் கொஞ்சம் உணர்வு இருந்ததாக 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மயக்க மருந்து, சோடியம் ஏற்றத்தாழ்வு, வெளியே தெரியாத வலிப்பு எல்லாமே உணர்வை மறைக்கும். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் இப்போது இரத்தத்தில் ஏறும் யூரியா என்ற கழிவும் மறைக்கும். இவற்றை எல்லாம் சரிபார்த்தாயிற்றா, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுத்தாயிற்றா, எம்ஆர்ஐயில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். இந்த ஐசியூவோடு தொடர்பில்லாத ஒரு நரம்பியல் மருத்துவரின் கருத்தும் வேண்டும்.

அண்ணனிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தலையில் அடிபட்ட இளைஞர் பல மாதம் கழித்து எழுந்த கதையை அவர் எங்காவது படித்திருப்பார். விபத்தில் அடிபட்ட மூளையும் ஆக்சிஜன் இல்லாமல் போன மூளையும் ஒன்றல்ல. விபத்து என்றால் ஒரு வருடம்வரை காத்திருந்து பார்ப்பார்கள். இதயம் நின்று பாதித்த மூளைக்குப் பாரம்பரியமாக வைத்த எல்லை மூன்று மாதம். அதற்குப் பிறகு உணர்வு திரும்புவது மிக அரிது. திரும்பினாலும் பெரும்பாலும் பிறர் துணையோடு படுக்கையில்தான். 38 நாள் முடிந்த நிலையில், 72 வயதில், சிறுநீரகமும் தளர்கிறது என்றால் பாதை எந்தப் பக்கம் போகிறது என்பது ஓரளவு தெரிகிறது. முழுக்க அடைபட்டுவிட்டது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

உரிமை யாருக்கு?

மூத்த மகனுக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கொள்ளி வைக்கும் உரிமையோடு இதைக் குழப்பிக்கொள்கிறோம். இப்படிப்பட்ட நோயாளிக்காக மனைவி, பிள்ளைகள் என்று வரிசை போட்டு அதிகாரம் தரும் சட்டமும் நம் நாட்டில் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நெருங்கிய உறவினர், காப்பாளர் என்றுதான் பேசுகின்றன. நடைமுறையில் மருத்துவர்கள் முதலில் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவரை விட்டுவிட்டு மூன்று பிள்ளைகள் எடுக்கும் முடிவை எந்த நல்ல மருத்துவமனையும் ஏற்காது.

கொலையா என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம்தான், அதில் மாற்றமில்லை. பயன் தராத செயற்கை ஆதரவை முறைப்படி நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுவது வேறு. மும்பையில் ஒரு மருத்துவமனையில் 1973-ல் தாக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் உணர்வற்றுக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருக்கு நிறுத்த அனுமதி தரவில்லை. வழக்குப் போட்டவர் ஒரு பத்திரிகையாளர். நிறுத்தக் கூடாது என்றவர்கள், அத்தனை வருடமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த அந்த மருத்துவமனை ஊழியர்கள். அவர்கள் குரலுக்குத்தான் நீதிமன்றம் எடை கொடுத்தது. 2015-ல் அவர் நிமோனியாவில் இறந்தார். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதற்காக இந்த வழக்கை அண்ணனுக்குச் சொல்லலாம்.

2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்பத்தையும் ஏற்றுக்கொண்டது. அப்போது வகுத்த நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். எழுதி வைக்காதவர்களுக்கும் அந்த வழி பொருந்தும். சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்து வருடமாவது அனுபவமுள்ள வேறு இரண்டு நிபுணர்களும் சேர்ந்தது முதல் வாரியம். அவர்கள் குடும்பத்தோடு பேசி, பேசியதைப் பதிவு செய்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும், முதல் வாரியத்தில் இல்லாத இரண்டு நிபுணர்களும் சேர்ந்து தனியாகப் பார்ப்பது இரண்டாவது வாரியம். ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், செயல்படுத்தும் முன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். வாரியம் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். புதிதாக ஒரு சிகிச்சையை ஆரம்பிக்காமல் விடுவதற்கும் இதே நடைமுறைதான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். "இனிப் பயனில்லை" என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள். அப்புறம்தான் உங்கள் சம்மதம் வருகிறது. அப்பாவின் உயிரை நீங்கள் நான்கு பேரும் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் யாராவது ஏற்றியிருந்தால் தயவுசெய்து இறக்கி வையுங்கள். பல மருத்துவமனைகள் இந்த வாரியத்தை இதுவரை ஒருமுறைகூடக் கூட்டியதில்லை என்பதும் உண்மை. ஆகவே நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள்.

அண்ணனின் போலீஸ் மிரட்டல்? முறைப்படி நடந்த ஒன்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் இப்படி எதிர்க்கும்போது எந்த மருத்துவரும் நிறுத்த மாட்டார், நானாக இருந்தாலும் நிறுத்த மாட்டேன். சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே பேசுவேன். அதனால் அண்ணனை மீறுவது எப்படி என்று யோசிப்பதில் பயனில்லை.

கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு?

இதைத்தான் நான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு எதிராகக் கூட்டிப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையை ஒருவர் அமுக்கிக்கொண்டே வர, வீட்டு வாசலில் அதைக் கழற்றுவது நம் ஊர்களில் நடக்கிறது. வாரியம் இல்லை, பதிவு இல்லை. பிற்பாடு அண்ணன் கேள்வி கேட்டால் தம்பி தனியாக நிற்பார். அதைவிடப் பெரிய விஷயம், அப்பாவுக்கு மூச்சுத் திணறினால் தணிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். முறைப்படி நிறுத்தும்போது மார்ஃபின், மிடசோலம் போன்ற மருந்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, திணறல் தெரியாதபடி பார்த்துக்கொள்வோம். வலி தணிப்புச் சிகிச்சை நிற்கவே நிற்காது.

இன்னொன்றும் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூளைத்தண்டு வேலை செய்வதால், வென்டிலேட்டரை எடுத்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. சில மணி நேரமோ, நாட்களோ, வாரங்களோ தானாகவே மூச்சு விடலாம். "அப்பா வீட்டில்தான் இருக்க வேண்டும்" என்பது நால்வரின் விருப்பமாகவும் இருந்தால், வலி தணிப்பு மருத்துவக் குழுவைச் சேர்த்துக்கொண்டு, திட்டமிட்டுச் செய்யலாம். அதற்கும் பேச்சுவார்த்தை முடிந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுப் பேச்சு

அண்ணன் சொன்ன வார்த்தை காயம்தான். ஆனால் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. உடம்பால் செய்ய முடியாததைப் பணத்தாலும் பிடிவாதத்தாலும் ஈடுகட்டப் பார்ப்பார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர் அப்பாவைப் பார்ப்பது வீடியோ காலில். போர்வை கழுத்துவரை இழுத்திருக்கும், முகம் துடைத்திருக்கும். சக்‌ஷன் குழாய் உள்ளே போகும்போது அந்த உடம்பு எப்படித் தூக்கிப்போடுகிறது என்பதைத் தம்பிதான் நாளுக்குப் பலமுறை பார்க்கிறார். முடிந்தால் அண்ணனை ஒருமுறை நேரில் வரச் சொல்லுங்கள். வாதாட வேண்டாம், ஒரு பகலும் ஓர் இரவும் தம்பியின் இடத்தில் இருக்கட்டும். அதன் பிறகும் தொடர வேண்டும் என்றால், அது பார்த்துவிட்டுச் சொன்ன கருத்து, அதற்கு மரியாதை உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசுவது பாவமில்லை. தம்பி எவ்வளவு கட்டினார், இனி யார் எவ்வளவு கட்டுவது என்பதைத் தனியாக ஒருநாள் பேசி முடியுங்கள். அப்பா பெயரில் இருப்பதைத் தொட வேண்டிய நிலை வந்தால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் உத்தரவிட்டது. அம்மா பெயரில் அப்படிக் கேட்டால், தம்பி மேல் விழும் சந்தேகமும் குறையும்.

பேசாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு குடும்பங்கள் உலகத்துக்கே தெரிந்த உதாரணம். அமெரிக்காவின் டெர்ரி ஷியாவோ 1990-ல் இதயம் நின்று உணர்விழந்தார். கணவர் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் என்று வழக்கு நடந்து, 2005-ல்தான் முடிந்தது. பிரான்ஸில் வின்சென்ட் லாம்பர்ட், 2008 விபத்து. மனைவி ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம், 2019 வரை இழுத்தது. இரண்டு பேருமே எதையும் எழுதி வைத்திருக்கவில்லை.

உங்கள் அப்பாவும் எழுதவில்லை, ஆனால் சொல்லியிருக்கிறார். வாய்வார்த்தைக்குச் சட்டத்தில் முன்விருப்ப ஆவணத்தின் மதிப்பு இல்லை. மருத்துவர்களுக்கும் குடும்பத்துக்கும் அது பெரிய வெளிச்சம். ஆனால் இதுவரை அதை நீங்கள் ஒருவர்தான் சொல்கிறீர்கள். எனவே நால்வரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், நோய் பற்றியும் சாவு பற்றியும் அப்பா எப்போதாவது சொன்னதை எழுதுங்கள். "எனக்கு என்ன தோன்றுகிறது" என்பதை எழுத வேண்டாம், அப்பா சொன்னதை மட்டும் எழுதுங்கள். அன்று அவர் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்த வீட்டில் அம்மாவும் இருந்திருப்பாரே? அவருக்கு வேறு ஏதாவது நினைவிருக்கலாம். நீங்கள் நினைப்பதற்கு எதிராகக்கூட இருக்கலாம், அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள். அப்புறம் குடும்பக் கூட்டம் ஒன்றைக் கேளுங்கள். சிகிச்சை தரும் டாக்டர், நரம்பியல் மருத்துவர், சிறுநீரக மருத்துவர் மூவரும் ஒரே அறையில் இருக்கட்டும், அண்ணன் திரையில் இருக்கட்டும்.

டயாலிசிஸ் பற்றி என் கருத்தைக் கேட்டால், அப்பா சொன்ன வார்த்தையை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் அண்ணன் மனது தயாராகவில்லை, நரம்பியல் மதிப்பீடும் முழுமையாகவில்லை. இந்த நிலையில், இரண்டு வாரம் என்று கெடு வைத்து ஆரம்பிப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். யூரியா இறங்கினால் உணர்வு தெளிகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒரு நிபந்தனை: கண்ணாடியைக் கண் பின்தொடர வேண்டும், சொன்னதற்குக் கை அசைய வேண்டும் என்று எதை முன்னேற்றம் என்போம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதிவிடுங்கள். கெடு முடிந்து ஒன்றும் இல்லையென்றால் முதல் வாரியத்தைக் கூட்டுவோம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். எழுதாமல் ஆரம்பித்தால், நிறுத்தும் நாளில் இதே சண்டை மறுபடி வரும், இன்னும் பெரிதாக.

இனி அம்மாவின் தண்ணீர். ஸ்பூனில் ஊற்ற வேண்டாம். அவரால் விழுங்க முடியாது, அது நேராக நுரையீரலுக்குப் போய் அடுத்த நிமோனியாவில் கொண்டுவிடும். ஆனால் அம்மா கேட்பது நியாயமானது, "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, உதட்டிலும் கடைவாயிலும் ஒற்றி எடுக்கலாம். அப்புறம் உதட்டில் கொஞ்சம் வாசலைன். நர்ஸிடம் சொல்லி ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், அடுத்த முறையிலிருந்து அம்மாவே செய்யட்டும்.